நான்கு பொருட்களின் சட்டம்

கண்ணாடியில் மேலே ஆங்கிலத்தில் ‘கீஸ்’ என்றும் கீழே சிறிய எழுத்தில் தமிழில் ‘திறப்பு’ என்றும் எழுதியிருந்தது. ரெய்னர்ஸ் லேன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நாலாவது கடை. ஆறடி அகலம். உள்ளே ஒரு வெட்டும் இயந்திரம், ஒரு முக்காலி, சுவர் நிறைய வெட்டப்படாத திறப்புகள், சிவானந்தன்.

யாராவது ஒரு திறப்பைக் கொண்டுவந்து இதேபோல் இன்னொன்று வேண்டும் என்றால் அவர் முதலில் திறப்பைப் பார்ப்பார். பிறகு வந்தவரின் முகத்தைப் பார்ப்பார். “இது உங்கட வீட்டுத் திறப்போ?” என்று கேட்பார். ஆங்கிலேயர்களிடம் அதையே ஆங்கிலத்தில் கேட்பார். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். கோபித்தவர்கள் சரியான ஆட்கள் இல்லை என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

அவருடைய வீட்டு வாசல் கதவில் மூன்று பூட்டுகள். மூன்றாவது பூட்டின் திறப்பு அவரிடம் மட்டும் இருந்தது.

“கள்ளன் வந்தால் உங்களைத்தான் கேட்டுக்கொண்டு வரவேணும்” என்று மனைவி பாமா சொல்லுவாள்.

பாண் பைக்கற்றில் உள்ள சிறிய எழுத்துகளை அவர் கடையிலேயே நின்று வாசித்து முடித்துவிட்டுத்தான் கூடைக்குள் போடுவார். தயிரில் ஜெலற்றின் இருக்கும். பிஸ்கற்றில் கொழுப்பு இருக்கும், எதனுடைய கொழுப்பு என்று போட்டிருக்காது. மாத்திரையின் கூட்டைக் கழற்றித் தூளை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். கல்யாண வீடுகளில் சைவச் சாப்பாட்டு மேசையில்கூடக் கரண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். பார்த்து முடிவதற்குள் சாப்பாடு முடிந்துவிடும்.

காரணம் இருந்தது. 1996 ஆவணியில் அவருடைய தம்பி சிவதர்ஷன் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வேலைக்குப் போனான். சோதனைச் சாவடியில் அவனை இறக்கி ஓரமாக நிறுத்திவைத்திருந்ததைக் கண்டவர்கள் இரண்டு பேர். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சிவானந்தன் ஜெர்மனியில், சோலிங்கன் நகரத்தில், கத்தி தீட்டும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தி வந்த அன்று, ஒரு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த அம்மன் கோயிலுக்குப் போனார். தம்பி திரும்பி வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டார். மச்சம் என்றால் மீன், இறைச்சி, முட்டை, இவற்றில் எது பட்டதும்.

குடியை நேர்த்தியில் சேர்க்கவில்லை. மறந்துவிடவில்லை. சொல்லாததையும் சேர்த்துச் செய்தால் சொன்னதன் கனம் குறைந்துவிடும் என்று நினைத்தார். ஆட்கள் கேட்பார்கள்.

“மச்சம் விட்டிட்டியள், பியர் விடேல்லையோ?”

“நான் மச்சம்தான் சொன்னனான்.”

பியரில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கூட வேலை செய்த ஒரு ஜெர்மன்காரர்தான் சொன்னார். பியரில் நான்கு பொருட்கள் மட்டுமே இருக்கலாம்: தண்ணீர், முளைவிட்ட பார்லி, ஹொப்ஸ் பூ, ஈஸ்ட். ஐந்தாவதாக ஒன்றைப் போட்டால் சட்டப்படி குற்றம். ஐந்நூறு வருடத்துச் சட்டம். சிவானந்தன் அதை உடனே நம்பவில்லை. நகர நூலகத்தில் போய் விசாரித்தார். கோயிலுக்கு வரும் ரசாயனம் படித்த ஒருவரிடம் கேட்டார். உண்மை. அன்றிலிருந்து அவர் லேபல் வாசிக்காமல் வாயில் வைத்த ஒரே பொருள் பியர்தான். அதற்கு ஒரு அரசாங்கம் காவல் நின்றது.

2000ஆம் ஆண்டு, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் லண்டனுக்கு மாறியது. ஜெர்மன் கடவுச்சீட்டையும் கைத்தொழிலையும் கொண்டுவந்ததுபோல அந்தச் சட்டத்தையும் மனதில் வைத்துக் கொண்டுவந்தார். அது எல்லையிலேயே நின்றுவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கடையிலிருந்து ஏழு நிமிட நடையில், இரண்டு வீட்டு வரிசைகள் சேரும் மூலையில், ‘ரன்னிங் ஹார்ட்’ என்ற பப் இருந்தது. பெயரைக் கேட்டு ஓடும் இதயம் என்று எடுத்துக்கொண்டார். பலகையில் ஒரு மான் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ஒன்று, படம் வேறொன்று. அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் முதல் இரண்டு வாரம் உள்ளே போகவில்லை. கலைமானுக்கும் ஆங்கிலத்தில் அதே சத்தத்தில் ஒரு சொல் இருக்கிறது என்று மகள் அகராதி பார்த்துச் சொன்ன பிறகு போனார்.

உள்ளே தொலைக்காட்சி இல்லை. பாட்டு இல்லை. சூதாட்ட இயந்திரம் இல்லை. மர மேசைகள், ஆட்கள் தாழ்ந்த குரலில் கதைக்கும் சத்தம், ஒரு கிழட்டு நாய். கையால் இழுக்கும் பம்புகள் ஐந்து. ஒவ்வொரு வாரமும் பியர் மாறும். சின்னச் சின்ன இடங்களில் வடிப்பவர்கள் கொண்டுவருவது. பெயரும் ஊரும் கரும்பலகையில் சோக்கட்டியால் எழுதியிருக்கும். ஒன்று வறுத்த கோப்பிக்கொட்டை மணக்கும், கறுப்பு. இன்னொன்று வைக்கோல் நிறம், தோடம்பழத் தோலைக் கிள்ளியதுபோல் மணக்கும், முடிவில் கசக்கும். பப்பை நடத்திய ஜீன் என்ற அறுபது வயதுப் பெண், வாங்குமுன் ஒரு சிறிய கிளாசில் கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கத் தருவாள். ஏமாற்றுகிறவள் அப்படித் தரமாட்டாள் என்று சிவானந்தனுக்குத் தோன்றியது. ஏமாற்றுகிறவள்தான் அப்படித் தருவாள் என்று பிறகு தோன்றியது.

முதல் நாளே அவர் கேட்டார்: “நோ மீட் இன்சைட்?”

“மீட்? இன் பியர்?” ஜீன் சிரித்தாள். “நோ, லவ்.”

அதோடு விட்டுவிட்டார். மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கடையைப் பூட்டுவார். பூட்டியதை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஆறே காலுக்கு ரன்னிங் ஹார்ட்டில் கதவைப் பார்த்தபடி உட்காருவார். இரண்டு கிளாஸ். எட்டு மணிக்கு வீடு. நான்கு வருடத்தில் அவர் லண்டனில் விரும்பிப் போன இடம் என்று அந்த ஒன்றைத்தான் சொல்லலாம். பாமாவே ஒருமுறை சொன்னாள், “வெள்ளிக்கிழமை மட்டும்தான் நீங்கள் வந்தவுடன கதவை ஒருக்காத்தான் இழுத்துப் பாக்கிறியள்.”

அங்கே தமிழ் கதைக்க ஒருவர் இருந்தார். யாக்கோப்பு. மன்னார், பேசாலை. நாற்பது வயது. பப்பின் நிலவறை அவர் பொறுப்பு. பீப்பாய்களைப் படுக்கவைத்து, மேலே மர ஆப்பை இறுக்கியும் தளர்த்தியும் காற்றை விட்டு, பியர் தெளியும்வரை காத்திருந்து, தெளிந்த பிறகுதான் மேலே அனுப்புவார். கிங்ஸ்பரியில் இருந்தார். அவருடைய மனைவி அஞ்சலீனா, அவருக்குக் குளிரூட்டிய கிடங்கில் வேலை என்று மாதா கோயில் பங்குச் சனத்திடம் சொல்லியிருந்தாள்.

“பொய்யில்லைத்தானே, அண்ணை. நிலவறை குளிர்தானே” என்பார் யாக்கோப்பு.

“பியர் எண்டதை விட்டிட்டா.”

“கேட்டால் சொல்லுவா. ஒருத்தரும் கேட்கேல்லை.”

கேட்காததற்குச் சொல்லாமல் இருப்பது அந்த வீட்டின் வழக்கம் என்று சிவானந்தன் அப்போது கவனித்திருக்கலாம்.

2004 ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா செல்வமலர் தொலைபேசி எடுத்தாள். களுத்துறைச் சிறையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒரு சட்டத்தரணியின் உதவியாளர் காட்டியிருக்கிறார். அதில் சிவதர்ஷன் என்று ஒரு பெயர். முதலெழுத்தும் சரி. வயது மட்டும் அழிந்திருக்கிறது.

“அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை பார்க்க விடுவினமாம். நான் போறன்” என்றாள்.

“அக்கா, அந்த ஆள் பட்டியலைக் காட்டக் காசு ஏதும் கேட்டவரோ?”

“ஒண்டும் கேட்கேல்லை.”

“கேட்காட்டில் பிறகு கேட்பார்.”

“ஆனந்தன், நீ எல்லாத்தையும் சந்தேகப்படு. இதை மட்டும் விடு. எட்டு வருஷமா நீ நேர்த்தி பிடிச்சதுக்கு அம்மன் கண் திறந்திருக்கிறா. இந்தக் கிழமை இன்னும் கவனமா இரு.”

அவர் கவனமாக இருந்தார். அந்த வாரம் வெளியே தேநீர்கூடக் குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பப்புக்குள் போனபோது ஜீன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நிலவறைக் கதவின் பூட்டு இறுகிவிட்டது, பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் படியிறங்கிப் போனார். நான்கு வருடத்தில் முதல் தடவை. ஈரச் சுவர், சுண்ணாம்பு வாசம், படுத்துக்கிடக்கும் பீப்பாய்கள். யாக்கோப்பு முதுகைக் காட்டி நின்றார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கலனை எடுத்து, கஞ்சி போன்ற ஒன்றை ஒரு கூசா ஜாடிக்குள் அளந்து, ஒரு பீப்பாயின் வாய்க்குள் ஊற்றினார்.

சிவானந்தன் பூட்டைத் தொடாமல் நின்றார். ஐந்தாவது பொருள்.

“அது என்ன?”

யாக்கோப்பு திரும்பினார். “ஓ, அண்ணையோ. இது ஒண்டுமில்லை. தெளியாமல் நிக்குது. தெளியவைக்கிற சாமான்.”

“எதில செய்தது?”

“பூட்டைப் பாருங்கோ, அண்ணை. ஜீன் கத்தப்போறா.”

பூட்டு ஐந்து நிமிடத்து வேலை. முடித்துவிட்டு, யாக்கோப்பு மேலே போன நேரத்தில், குளிர்பெட்டியைத் திறந்து கலனின் லேபலைப் பார்த்தார். ஒன்பது எழுத்தில் ஒரு ஆங்கிலச் சொல். ஐசிங்கிளாஸ். ஐசிங் என்றால் கேக்கில் பூசும் சீனி. கிளாஸ் என்றால் கண்ணாடி. இரண்டிலும் மச்சம் இல்லை. இல்லாததே அவருக்குப் பிடிக்கவில்லை. திறப்புகளில் கட்டும் அட்டைத் துண்டு ஒன்றில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். வயிறு சரியில்லை என்று ஜீனிடம் சொல்லிவிட்டு ஒன்றும் குடிக்காமல் வெளியே வந்தார்.

வீட்டில் மகள் தாரகா கணினியில் இருந்தாள். பதினைந்து வயது.

“பிள்ளை, இந்தச் சொல்லை ஒருக்காப் பார்.”

அவள் தட்டினாள். வாசித்தாள். உதட்டைச் சுழித்தாள்.

“அப்பா, இட்ஸ் ஃபிஷ்.”

“என்ன?”

“மீனுக்கு உள்ளுக்க ஒரு பலூன் இருக்குதாம். மிதக்கிறதுக்கு. அதைக் காயவைச்சு, கரைச்சு… யக். பியருக்குப் போடுவினமாம். க்ளியரா வாறதுக்கு.”

“எந்த நாட்டில?”

“இங்க. யூகேயில. ஹண்ட்ரட்ஸ் ஒஃப் இயர்ஸ்.”

“ஜெர்மனியில?”

அவள் மறுபடி தட்டினாள். “அங்க இல்லையாம். அங்க ஏதோ ஒரு லோ இருக்குதாம். நாலு சாமான்தான் போடலாமாம்.”

“தெரியும்” என்றார் சிவானந்தன்.

பாமா காய்ந்த உடுப்புகளைக் கையில் அள்ளிக்கொண்டு கதவில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“எட்டு வருஷம்” என்றாள். “ரெண்டு சட்டி, ரெண்டு அகப்பை, ரெண்டு பலகை. நானும் பிள்ளையும் மீன் சாப்பிட்டால் பிறகு அடுப்பைக் கழுவிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு குளிருக்க இருந்தனாங்கள். இவர் போய் அங்க மீனைக் குடிச்சுப்போட்டு வந்திருக்கிறார்.”

“நாலு வருஷம். ஜெர்மனியில நாலு வருஷம் சரி.”

“இதிலயும் கணக்கோ?”

அவள் உடுப்புகளைக் கதிரையில் போட்டாள். குரலைத் தணித்தாள்.

“அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. அடுத்த கிழமை ஞாயிறு அந்த மனிசி போகுது. போய் வரட்டும்.”

மறுநாள் மத்தியானம் அவர் கடையைப் பூட்டிவிட்டு ரன்னிங் ஹார்ட்டுக்குப் போனார். யாக்கோப்பு பின்பக்கத்தில் வெற்றுப் பீப்பாய்களை உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மீன்” என்றார் சிவானந்தன்.

யாக்கோப்பு பீப்பாயை நிறுத்தினார். “பார்த்திட்டியளோ.”

“எப்ப தொடக்கம் தெரியும்?”

“வேலைக்கு வந்த முதல் நாளே. மூடியைத் திறந்தவுடன மணத்தில தெரிஞ்சிட்டுது. என்ர அப்பா அந்தக் காத்துப்பையைக் காயவைச்சுக் கொழும்புக்கு அனுப்பினவர். சீனாக்காரன் சூப் வைக்கிறான், வெள்ளைக்காரன் பியருக்குப் போடுறான் எண்டு சொல்லுவார். நாங்கள் பகிடி எண்டு நினைச்சம்.”

“நான் மச்சம் தொடாத ஆள் எண்டு உமக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் எண்டும் தெரியும்.”

“தெரியும், அண்ணை.”

“பிறகேன் சொல்லேல்லை?”

யாக்கோப்பு கையுறையைக் கழற்றினார். “அது அடியில போய்ப் படிஞ்சிடும். கிளாசுக்குள்ள வாறதில்லை. வந்தாலும் ஒரு சொட்டு.”

“மீன்குழம்பில மீனைத் தூக்கி எறிஞ்சிட்டால் அது சைவமோ?”

யாக்கோப்பு சிரிக்கப் பார்த்தார். சிவானந்தனின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

“தவக்காலத்து வெள்ளியில எங்களுக்கு இறைச்சிதான் விலக்கு. மீன் தின்னலாம். உங்கட கணக்கில இது எவ்வளவு பாரம் எண்டு எனக்குச் சரியா…”

“வேதக்காரன் எண்டபடியால் எங்கட நேர்த்தி உமக்கு விளையாட்டு.”

“அப்படிச் சொல்லாதேங்கோ.” யாக்கோப்பு பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். “சொன்னால் நீங்கள் வரமாட்டியள். வராட்டில் வெள்ளிக்கிழமை நான் ஆரோட கதைக்கிறது? அதுதான். வேறை ஒண்டுமில்லை.”

சிவானந்தன் அந்த விடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புதிதாக வெட்டிய திறப்பைப் பார்ப்பதுபோல. எங்கும் பிசிறு தெரியவில்லை. தெரியாததால் இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். அர்ச்சனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு குருக்களை அணுகினார்.

“ஐயா, நேர்த்தி வைச்ச ஒருத்தர், தெரியாமல், மச்சம் கலந்த ஒண்டைக் கனநாள் எடுத்திருக்கிறார். நேர்த்தி முறிஞ்சு போகுமோ?”

“என்ன சாமான்?”

பிள்ளையாருக்கு முன்னால் பியர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “குடிக்கிற ஒரு சாமான்.”

“மருந்தோ?”

“மருந்து… ஓம், மருந்து மாதிரி.”

“மருந்தெண்டால் தோஷமில்லை. தெரியாமல் எடுத்ததுதானே. ஒரு நெய் விளக்கு ஏத்திப்போட்டுப் போகச் சொல்லுங்கோ.”

நெய் விளக்கு ஏற்றினார். ரயிலில் திரும்பும்போது அவருக்கு விளங்கிவிட்டது. குருக்கள் மன்னித்தது மருந்து குடித்தவரை. பியர் குடித்தவரை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. தவறான மூலத்தை வைத்து வெட்டிய திறப்பு எவ்வளவு மினுங்கினாலும் பூட்டுக்குள் திரும்பாது.

அன்றிலிருந்து நேர்த்தியைப் புதிதாகத் தொடங்கியதாக மனதில் வைத்துக்கொண்டார். அக்கா சிறைக்குப் போக ஏழு நாள் இருந்தது. ஏழு நாள் போதுமா என்று அவரே தன்னைக் கேட்டார். அப்படிக் கேட்பவனை அம்மன் எந்தக் கணக்கில் வைப்பாள் என்றும் யோசித்தார். இரவில் எழுந்து பூட்டுகளை இழுத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை யாக்கோப்பு திறப்புக் கடைக்கு வந்தார். முதல் தடவை. உள்ளே இரண்டு பேர் நிற்க இடமில்லாததால் வாசலிலேயே நின்றார்.

“ஒரு சின்னப் பியர்க்காரன் இருக்கிறான், எசெக்ஸ் பக்கம். அவனிட்டைச் சொல்லி ஒரு பீப்பாய் அந்தச் சாமான் போடாமல் எடுத்திருக்கிறன். இண்டைக்குத்தான் இறக்கினது. அசையாமல் வைச்சால் ஆறேழு நாளில தானாத் தெளியும். ஞாயிறு மத்தியானம் திறப்பன். வாங்கோ.”

“ஞாயிறு அக்கா போற நாள்.”

“தெரியும். வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்? பூட்டை இழுத்துக்கொண்டு இருப்பியள்.”

சிவானந்தன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வந்தார். ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு. வீட்டில் பாமா தொலைபேசியைத் துடைத்துக்கொண்டேயிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கைத்தொலைபேசிக்கு எடுக்கும்படி அக்காவுக்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். பப்பில் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். மேசைகளில் வாட்டிய இறைச்சி. அவர் கதவருகே, காற்று வருகிற பக்கமாக உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் அமைதியாக இருக்கும் இடம் இன்று வேறு யாருடையதோபோல் இருந்தது.

யாக்கோப்பு ஒரு கிளாசைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். தேன் நிறம். மேலே விரலளவு நுரை. அதற்குள் பார்த்தால் மறுபக்கத்து ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே நின்ற காரின் இலக்கமும் தெரிந்தது.

“இது தெளிவா இருக்கு” என்றார் சிவானந்தன்.

“ஆறு நாள் அசைக்காமல் வைச்சனான்.”

“கலங்கியிருக்கும் எண்டு நினைச்சன்.”

“நானும்தான். நல்லாத் தெளிஞ்சிட்டுது. பெருமைப்பட வேண்டிய பியர், அண்ணை.”

“மீன் போட்டதும் இப்பிடித்தான் இருக்கும்.”

யாக்கோப்பு நேராக நின்றார். “போடேல்லை.”

“எப்பிடித் தெரியும் எனக்கு?”

“நான் சொல்லுறன். மடு மாதா மேல ஆணையாச் சொல்லுறன்.”

சிவானந்தன் கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்துச் சுற்றினார். நாற்பத்தேழு வயதுவரை அவர் பிழைத்தது கண்ணாலும் கையாலும் பார்க்க முடிந்தவற்றை வைத்துத்தான். திறப்பைப் பூட்டில் போட்டுத் திருப்பலாம். லேபலை வாசிக்கலாம். இதில் வாசிக்க ஒன்றும் இல்லை. பேசாலைக்காரர் ஒருவரின் வாய்ச்சொல் இருந்தது. அதே வாய் நாலு வருடம் பேசாமலும் இருந்தது.

ஒரு மணி தாண்டிக் கைத்தொலைபேசி அடித்தது. அவர் வெளியே போகாமல் அங்கேயே எடுத்தார். யாக்கோப்பு போகவா நிற்கவா என்று தெரியாமல் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆனந்தன்.”

“சொல்லுங்கோ அக்கா.”

“ஆள் வேற.”

பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கரண்டியால் தட்டில் தட்டிக்கொண்டிருந்தது.

“அது புன்னாலைக்கட்டுவன் ஊர்ப் பொடியன். பெயர் ஒண்டு. தகப்பன்ர முதலெழுத்தும் ஒண்டு. என்னைக் கண்டவுடன தன்ர ஆக்கள் எண்டு நினைச்சு ஓடிவந்தான். பாவம். நான் ஒரு சவுக்காரமும் பிஸ்கற்றும் குடுத்திட்டு வந்திட்டன்.”

“நீங்கள் வடிவாப் பார்த்தனீங்களோ? எட்டு வருஷம். முகம் மாறியிருக்கும்.”

“என்ர தம்பியை எனக்குத் தெரியாதோ?” என்றாள். “ஏன் இப்பிடி நடக்குது எண்டு தெரியேல்லை. நானும் ஒண்டும் குறை வைக்கேல்லை. நீயும் அங்க குளிருக்க இருந்து இவ்வளவு பிடிக்கிறாய். பிறகேன் அம்மன் இப்பிடி ஆசை காட்டி… நீ விட்டிடாதை, ஆனந்தன். நீ பிடிச்சுக்கொண்டிருக்கிறாய் எண்டதிலதான் நான் எழும்பி நடக்கிறன்.”

பாமா சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். ஓம் அக்கா, விடவில்லை என்று சொன்னால் போதும். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு பிசிறு இருந்தது. அது அவருக்குத் தெரிந்தது.

“அக்கா, அது முறிஞ்சுபோச்சு.”

“எது?”

“நேர்த்தி. நாலு வருஷமா. எனக்குத் தெரியாது. இங்கத்தைப் பியரில மீன் போடுறாங்கள். போன கிழமைதான் கண்டனான்.”

தொலைபேசியில் பேருந்து நிலையத்துச் சத்தம் கேட்டது. யாரோ ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார்.

“அப்ப அதுதான்” என்றாள் செல்வமலர்.

அவள் குரல் மாறியிருந்தது. அந்த மாற்றத்தை அவர் சந்தேகத்தோடு கேட்டார். அதில் கோபம் இல்லை. கனகாலம் தேடிய ஒரு பொருள் கட்டிலுக்கடியில் கிடந்ததைக் கண்டவளின் குரல்.

“அதுதான் காரணம். நான் இந்த எட்டு வருஷத்தில அவன் உயிரோடையே இல்லையோ எண்டு நினைக்கத் தொடங்கியிருந்தன். உனக்குச் சொல்லேல்லை. அப்ப அதில்லை. நேர்த்தி குறைஞ்சுபோச்சு, அவ்வளவுதான். ஆள் இருக்கிறான்.”

“அக்கா…”

“இனி ஒழுங்காப் பிடி. ஒரு சொட்டுச் சந்தேகம் எண்டாலும் வாயில வைக்காதை. விளங்குதோ?”

“ஓம்.”

“நான் பஸ் ஏறப்போறன். வைக்கிறன்.”

அவர் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். காதில் விழுந்ததில் பாதி யாக்கோப்புக்கும் விளங்கியிருந்தது.

“அது அவன் இல்லையாம்” என்றார் சிவானந்தன்.

“ம்.”

“அக்கா என்னில பிழை எண்டு சந்தோசப்படுறா.”

யாக்கோப்பு எதிரே உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்காருவதில்லை. ஜீன் பம்புக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு அடுத்த கிளாசை நிரப்பினாள். நுரை இறங்கிவிட்டது. கிளாசுக்குள் கார் இலக்கம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

“குடியுங்கோ, அண்ணை. இதில ஒண்டுமில்லை. நான் பொய் சொல்லேல்லை.”

“தெரியும்.”

“பிறகென்ன?”

“நான் நம்புறன், யாக்கோப்பு. அது என்னோட. அக்கா கேட்டால் என்ன சொல்லுறது? யாக்கோப்பு சொன்னவர் எண்டோ?”

யாக்கோப்பு கிளாசைப் பார்த்தார். ஆறு நாள் ஒவ்வொரு காலையும் கீழே போய் விளக்கைப் பிடித்துப் பார்த்த பியர்.

“வெள்ளிக்கிழமை வருவியளோ?” என்று கேட்டார்.

“கதைக்கத்தானே? வாறன்.”

சிவானந்தன் கிளாசைக் கொஞ்சம் கொஞ்சமாக மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். ஒரு துளியும் சிந்தவில்லை. பிறகு எழுந்து பம்புகள் இருக்கும் இடத்துக்குப் போய், ஜீனிடம் தண்ணீர் கேட்டார். அவள் குளிர்பெட்டியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். குழாயிலிருந்து வேண்டும் என்றார். கிளாசை முதலில் அலசச் சொன்னார். அவள் அலசி, குழாயைத் திறந்து நிரப்பி முடிக்கும்வரை, கவுண்டர் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.